மேட்டில் இழுக்காத பழைய டீசல் வண்டி: இன்ஜினைப் பிரிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

என் வண்டி 2006 மாடல் டீசல் ஜீப். நான்கு சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சுழலி) உண்டு, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்பு பழைய மெக்கானிக்கல் பம்பு. சேந்தமங்கலத்தில் இருந்து கொல்லிமலைக்கு வாரத்தில் இரண்டு நடை போய் வரும். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் முனகாமல் ஏறிய வண்டி, ஒரு ஆடி மாதத்தில் இருந்து ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரைக் கேட்க ஆரம்பித்தது. சமவெளியில் குறை ஒன்றும் தெரியவில்லை. மேடு வந்தால் மட்டும் யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும்.

நான்கு மாதம் அலைந்தேன். நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் முனை) செட்டுக்கு 6,400, பம்பு சர்வீஸுக்கு 19,500, டர்போவுக்கு 12,000, கழற்றி மாட்டிய கூலி 3,600. மொத்தம் 41,500 ரூபாய் போன பிறகும் வண்டி அப்படியேதான் ஏறியது. கடைசியில் கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று டேங்க் பக்கத்தில் ஒரு முழ ரப்பர் ஹோஸ். இன்னொன்று பின்சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்த பிரேக். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

பதினைந்து, இருபது வருடம் ஓடிய டீசல் வண்டியை முதல்முறையாக வாங்கியிருப்பவர்கள் இந்த வழியில் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், ஸ்பேனர் எடுக்க வேண்டியவை அடுத்து, ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியவை கடைசியில் என்று அடுக்கியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பம்பு?

பானட்டைத் திறந்து பாருங்கள். பம்பில் இருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியாக மெல்லிய இரும்புக் குழாய் போனால் அது மெக்கானிக்கல் பம்பு. பம்பில் இருந்து ஒரே குழாய் கிளம்பி, ‘ரெயில்’ எனப்படும் தடித்த ஓர் உருளையில் சேர்ந்து, அங்கிருந்து கிளை பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் (நாசில் உள்ள பாகம்) தலையிலும் வயர் பிளக்கும் இருந்தால் அது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைத் தூவும் சி.ஆர்.டி.ஐ.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உயிர் பயம். சி.ஆர்.டி.ஐ. வண்டியின் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஓடும். வண்டி ஓடும்போது அந்தக் குழாயை இறுக்கும் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்ப்பதற்கு ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘நாசில் நட்டைத் தளர்த்திப் பார்’ என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சு மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு மட்டும்தான்.

2. ஒரு மேட்டைப் பிடித்து, நோட்டில் எழுதுங்கள்

நான் செய்த பெரிய தவறு இதைச் செய்யாததுதான். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ‘கொஞ்சம் பரவாயில்லை போல’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காசு கொடுத்த மனசு அப்படித்தான் நினைக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடு அல்லது பாலம் பாருங்கள். அடிவாரத்தில் ஒரு அடையாளம், உச்சியில் ஒரு அடையாளம். ஒரே கியர், ஒரே வேகத்தில் தொடங்கி ஆக்சிலரேட்டர் பெடலை முழுக்க மிதித்து ஏறுங்கள். உச்சியில் எத்தனை கிலோமீட்டர் வேகம் இருக்கிறது? அதைத் தேதியோடு எழுதுங்கள். டேங்கில் டீசல் எவ்வளவு, எத்தனை பேர் இருந்தார்கள், ஏசி ஓடியதா என்பதையும் எழுதுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

கூடவே இவற்றையும் குறித்துவையுங்கள். குறை திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா? மேட்டில் அசந்த வண்டி, ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது உங்கள் பதிலானால், டீசல் வரும் வழியில் அடைப்பு இருக்கிறது என்று முக்கால்வாசி நம்பலாம். நிறுத்தியிருக்கும்போது டீசல் மெல்ல ஊறி நிரம்பிக்கொள்கிறது.

டர்போ இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று மெலிந்து, இன்ஜின் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். மலை உச்சியில் மட்டும் தெரியும் அந்தச் சோர்வு கோளாறு ஆகாது. சோதனை மேட்டைச் சமவெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. புகை என்ன நிறம்?

பின்னால் ஒருவரை நிற்க வைத்தோ, வேறு வண்டியில் பின்தொடரச் சொல்லியோ, லோடு இழுக்கும்போது வரும் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்ப்பது போதாது.

கறுப்புப் புகை வந்தால் டீசல் போதுமானது வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. இல்லாவிட்டால் நாசில் சரியாகத் தூவாமல் ஒழுக்குகிறது. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு), நாசில் என்று தேடுங்கள்.

இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. பம்பு டைமிங் (டீசல் பாயும் நேரம்) பின்னால் போயிருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் மூன்றில் ஒன்று.

புகையே இல்லாமல் வண்டி மட்டும் அசந்தால்? என் வண்டி அப்படித்தான் இருந்தது. ‘புகை இல்லை, இன்ஜின் சுத்தமா இருக்கு’ என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது பட்டினி. டீசல் போதவில்லை, அதனால்தான் புகையும் இல்லை. இதை எனக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் டர்போ பக்கமே போயிருக்க மாட்டேன்.

பழைய புகைச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். டீசல் வண்டிக்கு அதில் புகையின் அடர்த்தியைக் காட்டும் ‘கே’ என்று ஒரு எண் இருக்கும். பி.எஸ். 4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய வண்டிகளுக்கு அதன் வரம்பு 2.45. வருடா வருடம் அந்த எண் ஏறிக்கொண்டே வந்திருந்தால் காற்று அல்லது நாசில் பக்கம் மெல்லக் கெட்டு வந்திருக்கிறது. கையில் இருக்கும் காகிதத்திலேயே கிடைக்கும் துப்பு இது.

4. இன்ஜினுக்கு வெளியே

பிரேக்: பத்து கிலோமீட்டர், அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் நடுப் பகுதியிலும் விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். என் வண்டியில் மூன்றில் தண்ணீர் அப்படியே வழிந்தது. இடது பின்சக்கர டிரம்மில் ‘சுர்’ என்று ஆவியானது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் உள்ளே இறங்காமல் நின்றிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் இது தெரியும்.

கிளட்ச்: நான்காம் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலரேட்டர் பெடலை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கருகிய வாடையும் வரும். இன்ஜினில் பலம் இருக்கிறது, சக்கரத்துக்குப் போகவில்லை.

ஆக்சிலரேட்டர் பெடல்: ஒருவரை உள்ளே உட்கார வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பம்பின் பக்கவாட்டு லீவரைப் பாருங்கள். அது கடைசி ஸ்க்ரூவைத் தொட வேண்டும். தொடாமல் நின்றால் கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது காலடி மேட் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. பிறகு அதே லீவரைக் கையால் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். கையால் தொட்டு, பெடலால் தொடாவிட்டால் கேபிளை இழுத்து வைப்பதோடு வேலை முடிந்தது.

டயர் காற்று, மாற்றிப் போட்ட பெரிய டயர், கூரைமேல் கேரியர் ஆகியவையும் இழுவையைத் தின்னும்.

இந்த நான்குக்கும் அரை நாள் போதும். செலவு இல்லை.

5. காற்று வரும் வழி

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடியுங்கள். வெளிச்சம் மடிப்புகளின் ஊடே தெரியாவிட்டால் மாற்றுங்கள். எங்கள் பக்கம் 400 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபில்டர் டப்பாவுக்கு முந்தைய குழாயில் எலி கூடு கட்டியிருப்பதை நான் ஒரு நண்பரின் வண்டியில் பார்த்தேன், அதனால் அதையும் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். டர்போவின் சிறகு மணலைத் தாங்காது.

டர்போவில் இருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்களைத் துணியால் துடைத்துவிட்டு, இணைப்புகளை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். ஓர் இணைப்பில் மட்டும் புதிதாக ஆயில் ஈரம் படிந்திருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. மேடு ஏறும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் கேட்கும்.

இன்டேக்கில் (இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்) இருந்து பம்பின் தலைக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறதா என்று பாருங்கள். டர்போ காற்று ஏறும்போது ‘இன்னும் டீசல் கொடு’ என்று பம்புக்குச் சொல்வது அதுதான். அது கிழிந்தால் புகை இல்லாமல் வண்டி அசரும். விலை நூறு ரூபாய்க்குள். பல மெக்கானிக்குகளின் கண்ணில் படாமல் தப்புவதும் இதுதான்.

6. டீசல் வரும் வழி

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. டேங்க், அதற்குள் சல்லடை, ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய், ஃபீடு பம்பு (டேங்கில் இருந்து டீசலை உறிஞ்சும் சின்னப் பம்பு), ஃபில்டர், பிறகு நாசிலுக்கு அனுப்பும் பெரிய பம்பு. இந்த வரிசையில் எங்கே நெரிந்தாலும் மேட்டில்தான் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் இன்ஜின் நிறையக் கேட்கிறது.

முதலில் டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்தால் டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து, டீசலைப் பின்னால் இழுக்கும். மூடியைத் தளர்த்தி வைத்து, டேங்க் அரை அளவுக்குக் கீழே இருக்கும்போது, உங்கள் மேட்டில் ஏறிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மூடியை மாற்றுங்கள்.

அடுத்து ஃபில்டர். அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாகத் தண்ணீர் நின்றால் டேங்கையும் காலி செய்து கழுவ வேண்டும். ஃபில்டர் 300 முதல் 900 வரை. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். புது ஃபில்டரில் கேனில் இருந்து டீசலை ஊற்றி மாட்டாதீர்கள், அந்த டீசலில் உள்ள தூசி நேரே பம்புக்குள் போகும். மாட்டிய பிறகு கைப்பம்பை அடித்து நிரப்புங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நின்று டீசல் முழுசாக வரும்வரை அடித்து, பிறகு இறுக்குங்கள். அப்புறம் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதே போல.

ஃபீடு பம்பின் உள்வாய் போல்ட்டைக் கழற்றினால், பல வண்டிகளில் அதற்குள் விரல் நுனி அளவு சல்லடை இருக்கும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பத்து வருடம் வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. கழுவி, புதுக் காப்பர் வாஷர் போட்டு மாட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். டேங்கில் இருந்து ஃபீடு பம்பு வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமல் இருக்கலாம். காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறது, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஃபில்டருக்கு முன்னால் ஓர் அடி கண்ணாடி போன்ற ஹோஸைப் பொருத்தி ஓட்டினால் குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ராத்திரி நிறுத்தி, காலையில் வெகு நேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இனி கேன் சோதனை. என் பிரச்சினையை அவிழ்த்தது இதுதான். நாமக்கல்லில் லாரிப் பம்பு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம், பம்பை மறுபடி கழற்றச் சொல்லிக் கொண்டு போயிருந்தேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை.

“தம்பி, பம்பக் கழட்டறதுக்கு முன்னால கேன்ல ஓட்டிப் பாத்தீங்களா?”

“இல்லீங்கண்ணா. அப்படின்னா?”

“டேங்க நம்பாதீங்க. வாங்க.”

சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் நிரப்பினார். பயணி பக்கக் காலடியில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினார். கதவு இடுக்கு வழியாக ஹோஸை வெளியே எடுத்து, பானட்டின் பக்கவாட்டில் உள்ளே விட்டு, சைலன்சர் குழாயில் படாமல் ஃபீடு பம்பின் உள்வாயில் மாட்டினார். பம்பில் இருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்கே திருப்பினார், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். கைப்பம்பு அடித்து ஏர் எடுத்தார். இருபது நிமிடம்தான் ஆனது. ஓட்டிப் பார்த்தோம். மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் வண்டி முன்னால் தாவியது. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அதன் பிறகு தேட வேண்டிய இடம் டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் இடையில் மட்டும். டேங்கின் தலையில் இருந்து இறங்கும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் அதைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டினார். உள் அடுக்கு பிசின் விட்டு உரிந்து, நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் மெல்ல இழுக்கும்போது அந்த நாக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கும். மேட்டில் பலமாக இழுக்கும்போது மடங்கி வாயை மூடும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும், ஏனென்றால் ஊதும் திசையில் நாக்கு திறந்துகொள்ளும். முந்தைய ஒர்க்‌ஷாப்பில் ஊதிப் பார்த்து ‘லைன் கிளியர்’ என்று சொன்னது இதனால்தான். டீசலுக்கென்றே விற்கும் ஹோஸ் ஒரு மீட்டரும் இரண்டு கிளிப்பும் 180 ரூபாய்.

ஹோஸ் மாற்றியதும் இரண்டாம் கியர் திரும்பி வந்தது. ஆனாலும் பழைய இழுவை முழுசாக இல்லை. மறுவாரம் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோதுதான் பிரேக் விஷயம் தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கும் என்பதைப் பழைய வண்டிக்காரர்கள் மறக்கக் கூடாது. ஒன்றைச் சரிசெய்து பாதி குணம் கிடைத்தால், செய்த வேலை தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

7. சைலன்சர், ஈ.ஜி.ஆர்.

கல்லில் மோதி நசுங்கிய சைலன்சரும், உள்தகடு கழன்று வாயை அடைத்த சைலன்சரும் இன்ஜின் மூச்சை நிறுத்தும். சைலன்சருக்கு முந்தைய இணைப்பைத் தளர்த்தி, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சிறிது தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும். ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றால் கறுப்புப் புகையோடு வண்டி அசரும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும்.

8. டர்போ

இன்ஜின் ஆறிய பிறகு ஏர் ஹோஸைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. சிறகு சுவரில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது. இன்ஜின் ஓடும்போது அந்தப் பக்கம் கையே கொண்டு போகாதீர்கள், அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

தண்டு நன்றாக இருந்தும் டர்போவை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். என்னிடம் சொல்லப்பட்ட காரணம் ‘ஆயில் வாடை அடிக்குது’ என்பதுதான். பழைய டீசல் வண்டியில் இன்டேக் ஹோஸில் கொஞ்சம் ஆயில் ஈரம் இருப்பது சகஜம். குட்டையாகத் தேங்கி நின்றால்தான் கவலை. அப்படித் தேங்கியிருந்தால் ரேஸ் செய்து பார்க்க வேண்டாம். அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும்.

9. நாசிலும் பம்பும்

மெக்கானிக்கல் பம்பு வண்டியில், ஐடிலிங்கில் ஓடும்போது, கண்ணாடியும் கையுறையும் போட்டு, துணியால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு நாசில் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர் வேலை செய்யவில்லை. அனுபவம் இல்லாவிட்டால் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

நாசிலைச் சுற்றித் தார் போலக் கறுப்புப் படிந்து ‘சக் சக்’ என்று சத்தம் வந்தால் அடியில் உள்ள காப்பர் வாஷர் போய்விட்டது. பழைய வாஷரைத் திருப்பிப் போட விடாதீர்கள்.

நாசிலைக் கழற்றினால் டெஸ்டரில் போட்டு, தூவல் எப்படி வருகிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் பனி போல விரியும், கெட்டிருந்தால் நூல் போல நேராகப் பாயும் அல்லது நுனியில் சொட்டும். மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

பம்பைக் கழற்றிக் கொடுத்தால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: பிரிப்பதற்கு முன் பெஞ்சில் ஓட்டி ரீடிங் எழுத வேண்டும். ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை சி.சி. டீசல் வருகிறது என்ற கணக்கு அது. வேலைக்கு முன் ஒரு ரீடிங், பின் ஒரு ரீடிங், இரண்டும் பேப்பரில் வேண்டும். என் பம்புக்கு முன் ரீடிங் எடுக்கவே இல்லை. அது கெட்டிருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

‘டீசலைக் கொஞ்சம் ஏத்தி விடறேன், பறக்கும்’ என்று ஒருவர் சொல்வார். பம்பில் கம்பி போட்டு சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருப்புவதைத்தான் சொல்கிறார். வண்டி கறுப்பாகப் புகைத்துக்கொண்டு இழுக்கும். சூடு தாங்காமல் பிஸ்டன் தலை உருகினால் செலவு உங்களுடையது.

10. கம்ப்ரஷன்

இதுவரை எதுவும் கிடைக்காவிட்டால்தான் இது. முதலில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, புகை தொடர்ந்து தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்.

உறுதி செய்ய டீசலுக்கான கேஜில் அளக்க வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். மொத்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் முக்கியம். மூன்று ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் நன்றாகக் கீழே இருந்தால் அந்த ஒன்றில் வால்வோ ரிங்கோ கேஸ்கட்டோ பிரச்சினை. அளப்பதற்கு முன் டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி) பார்த்துவிடுங்கள், இறுக்கமான டேப்பட்டும் கம்ப்ரஷனைக் குறைத்துக் காட்டும். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி அளக்கும் பெட்ரோல் வண்டி வித்தையை இங்கே செய்யாதீர்கள். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு, ஆயில் தேங்கினால் கனெக்டிங் ராடு வளையும்.

11. சி.ஆர்.டி.ஐ. வண்டியானால்

பிரேக், கிளட்ச், காற்று, டேங்க் மூடி, ஃபில்டர் எல்லாம் இதற்கும் பொருந்தும். அவற்றை முடித்துவிட்டு ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போடுங்கள். இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி ஒரு அளவுக்கு மேல் ரேஸ் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பலத்தைக் குறைத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனரில் தெரியும் கோளாறு எண்ணை (‘கோடு’ என்பார்கள்) அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரெயில் பிரஷர் (அந்தத் தடித்த உருளையில் உள்ள டீசல் அழுத்தம்) குறைவு என்று கோடு வந்தால் உடனே பம்பு என்று அர்த்தம் இல்லை. அடைத்த ஃபில்டருக்கும் அதே கோடு வரும்.

12. காகிதம், காசு, நாள்

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது வேலைச் சீட்டில் ‘இழுவை இல்லை, காரணம் கண்டறிய வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘பம்பு சர்வீஸ்’ என்று எழுதினால் பம்பைச் செய்துவிட்டுப் பணம் கேட்பார்கள், வண்டி இழுக்காவிட்டாலும் கேள்வி கேட்க முடியாது. கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில், ரீடிங் பேப்பர், வாரண்டி சீட்டு மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். வண்டியை விற்கும்போதும் அது பேசும்.

எங்கள் பக்கம் நான் கேட்டு அறிந்த விலை இது. ஃபில்டர்களும் ஹோஸும் 2,000-க்குள். டேப்பட் செட்டிங், நாசில் டெஸ்ட் ஆயிரம் ரூபாய் சுற்றி, நாசில் மாற்றுவது தனி. மெக்கானிக்கல் பம்பு சர்வீஸ் 10,000 முதல் 20,000. இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன் செய்தால் 70,000-க்குக் குறைந்து முடியாது. நாள் கணக்கில், ஒன்று முதல் ஏழு வரையிலான படிகளை ஒரு சனி, ஞாயிறில் முடிக்கலாம். பம்பு நான்கைந்து நாள், இன்ஜின் வேலை இரண்டு, மூன்று வாரம்.

பதினைந்து வருடம் முடியப் போகும் சொந்த வண்டி என்றால், ஆர்.சி. புதுப்பிக்கும் சோதனைக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடியுங்கள். புகைச் சான்று, பிரேக் எல்லாம் அன்று பார்ப்பார்கள். இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால், வாங்கும் பழைய இன்ஜினுக்கு எண்ணோடு பில் வாங்குங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்றி, இன்சூரன்ஸ் பாலிசியிலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும், மாற்றிய ஹோஸ் கிளிப்புகளை ஒரு முறை இறுக்கிவிட்டு, அதே மேட்டில் ஏறி நோட்டில் எழுதிவிடுங்கள்.